சம்பளம் 7-ஆம் தேதி, தவணை 5-ஆம் தேதி: ஒரு புதிய பட்டதாரியின் முதல் இரண்டு ஆண்டுகள் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் கடன் ஆலோசனைக்கு வந்தபோது 23 வயதுப் பெண். குடும்பத்தில் முதல் பட்டதாரி. தென் மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்து, 2019 முதல் 2023 வரை பி.இ. படித்தார். தந்தை வாடகைக்குச் சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குக் கீழே. தம்பி ஒருவர் உண்டு. ஊர், நிறுவனம், வங்கி ஆகியவற்றின் பெயர்கள் இங்கே தரப்படவில்லை.

படிப்புக்கு ஒரு பொதுத்துறை வங்கியில் 4 லட்சம் ரூபாய் கல்விக் கடன் வாங்கியிருந்தார்கள். ஆண்டுக்கு 1 லட்சம் என நான்கு தவணைகளாக, ஒவ்வோர் ஆகஸ்டிலும், வங்கி கல்லூரிக்கே அனுப்பியது. 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். தந்தை கையெழுத்திட்டார். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை விடுமுறை. முதல் இஎம்ஐ 2024 ஜூன் 5.

விடுமுறை என்ற சொல்லை அந்த வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிதான் புரிந்துகொண்டிருந்தார்கள்: அதுவரை வட்டி கிடையாது. தவணைதான் கிடையாது, வட்டி உண்டு. பணம் கைமாறிய நாளிலிருந்து தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். விடுமுறை முடியும் நாளில் அது மொத்தமாக அசலில் ஏறும். சராசரி வட்டி 10% என வைத்துக் கணக்குப் போட்டால், 2024 மே முடியும்போது நான்கு தவணைகளும் முறையே 58, 46, 34, 22 மாத வட்டியைச் சுமந்திருந்தன. மொத்தம் 160 மாதம். லட்சத்துக்கு மாதம் 833 ரூபாய் 33 காசு. வட்டி மட்டும் 1,33,333 ரூபாய். ஆக, திருப்பிக் கட்ட வேண்டிய கடன் 4,00,000 அல்ல, 5,33,333. பத்து ஆண்டுத் தவணையில் இஎம்ஐ 7,048 ரூபாய். வீட்டில் மனக்கணக்காக வைத்திருந்த தொகை 5,000 சொச்சம்.

வேலையில் சேர்ந்தது: 2023 ஆகஸ்ட்

சென்னையில் வேலை. நியமனக் கடிதத்தில் ஆண்டுக்கு 4,20,000 என்றிருந்தது. பன்னிரண்டால் வகுத்தால் 35,000. அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை யாரும் படித்திருக்கவில்லை. அடிப்படைச் சம்பளம் 17,500. மொத்தத் தொகைக்குள் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி ஆண்டுக்கு 21,600, பணிக்கொடை ஒதுக்கீடு 10,101, குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 6,000, ஆண்டு முடிவில் செயல்திறனைப் பொறுத்துத் தரும் மாறுபடும் ஊதியம் 24,000 எல்லாம் அடங்கியிருந்தன. இவை போக மாதம் 29,858. அதிலும் அவர் பங்கு வைப்பு நிதி 1,800 பிடித்த பின் கைக்கு வந்தது 28,058 ரூபாய். நினைத்ததற்கும் வந்ததற்கும் இடைவெளி 6,942. ஏறக்குறைய ஒரு இஎம்ஐ.

ஆகஸ்ட் 16-ஆம் தேதி சேர்ந்தார். 15-க்குப் பிறகு சேருவோரின் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்த்தே தரப்படும் என்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். முதல் சம்பளம் கைக்கு வந்தது அக்டோபர் 7. இடைப்பட்ட ஏழு வாரத்துக்கு விடுதி முன்பணம், வாடகை, உடை, போக்குவரத்து எல்லாம் வேண்டும். தந்தை அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியை வங்கியில் அடகு வைத்து 40,000 அனுப்பினார். ஆண்டுக்கு 9% வட்டி, 12 மாதக் கெடு.

கடன் அட்டை: 2023 டிசம்பர் – 2024 ஜூலை

சம்பளக் கணக்கு தொடங்கிய வங்கியே டிசம்பரில் 60,000 வரம்புள்ள கடன் அட்டையைத் தந்தது. பட்டியலில் ஆடம்பரம் என்று சொல்ல ஒன்றுமில்லை: கெட்டுப்போன கைப்பேசிக்கு மாற்று, ஒரு பல் சிகிச்சை, தம்பியின் தேர்வுக் கட்டணம், மளிகை, பேருந்து முன்பதிவு. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அட்டைக்குப் பணம் கட்டக் கடைசி நாள் 3. சம்பளம் வருவது 7. மாதத்தின் மிக வறண்ட நான்கு நாள்களுக்குள் கெடு விழுந்ததால், மார்ச் முதல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினார். சம்பளம் வந்த பிறகு மீதியைக் கட்டலாம் என்று நினைத்தார். வந்த பிறகு விடுதி வாடகை முந்திக்கொண்டது.

ஜூலைப் பட்டியலில் நிலுவை 48,600. மாத வட்டி 3.5%, அதன்மேல் 18% ஜிஎஸ்டி. வட்டி 1,701, வரி 306, சேர்ந்து 2,007. குறைந்தபட்சத் தொகை 5%, அதாவது 2,430. கட்டியதில் அசலுக்குப் போனது 423 ரூபாய் மட்டும். வரியோடு சேர்த்து ஆண்டுக்கு 49.6% ஆகிறது. இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. முந்தைய நிலுவையை முழுதாகக் கட்டாதவருக்கு வட்டியில்லா நாள்கள் என்ற சலுகையே போய்விடும். புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. அவர் அட்டையைத் தொடர்ந்து பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்.

தவறிய தவணைகள்: 2024 ஜூன் – ஆகஸ்ட்

கல்விக் கடன் இஎம்ஐ, சொந்த ஊர்க் கிளையில் மாணவியாக இருந்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி அமைந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்தபின் அந்தக் கணக்கை அவர் தொடவே இல்லை. ஜூன் 5 அன்று அதில் இருந்தது 312 ரூபாய். வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாம் கல்லூரிக் காலத்தில் வைத்திருந்து பின்னர் கைவிட்ட எண்ணுக்குப் போயின. ஜூலை 5-ம் அப்படியே, ஆகஸ்ட் 5-ம் அப்படியே.

ஆகஸ்ட் 12 அன்று கிளையிலிருந்து இணைக் கடனாளியான தந்தைக்கு அழைப்பு வந்தது. "கையெழுத்து நானும்தானம்மா போட்டிருக்கேன், என்னதான் ஆச்சு?" என்று அவர் மகளிடம் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 14 அன்று, ஆலோசனைக்கு வந்தார்.

முதல் சந்திப்பில் தெரியவந்தவை

இரண்டு வங்கிக் கணக்குகளின் மூன்று மாதப் பட்டியல், அட்டைப் பட்டியல், கடன் அனுமதிக் கடிதம், சம்பளச் சீட்டு, கடன் தகவல் அறிக்கை ஆகியவை பார்க்கப்பட்டன. (சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இதற்குப் பணம் கேட்கும் செயலிகள் வழியாகப் போகத் தேவையில்லை.) கடன் மதிப்பெண் 641.

ஆகஸ்ட் மாதக் கணக்கு இப்படி இருந்தது: கைக்கு வந்தது 28,058. உணவோடு விடுதி 9,500. வீட்டுக்கு 6,000. பயணம் 1,600. கைப்பேசி 400. அட்டைக்கு 2,430. வெளிச் சாப்பாடு 3,200. ஒரு காப்பீட்டுப் பாலிசிக்கு 2,500. மொத்தம் 25,630. மீதி 2,428-இல் ஊருக்குப் போய்வர 1,200 போனால் நிற்பது 1,228. இதற்குள் 7,048 எப்படி நுழையும் என்பதுதான் கேள்வி.

அந்தக் காப்பீடு புதிது. சித்தப்பா முறையில் ஒருவர் முகவர். மறுக்க முடியாமல் ஜூலையில் எடுத்த சேமிப்பு வகைப் பாலிசி. ஆவணம் கைக்கு வந்தது ஜூலை 25.

கடனின் நிலைதான் அவசரம். ஜூன் 5 தவணை 70 நாள் நிலுவையில் இருந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி 60 நாள் கடந்த நிலுவை எஸ்எம்ஏ-2 என்ற எச்சரிக்கைப் பிரிவுக்குள் வரும். 90 நாள் ஆனால் வாராக் கடன். அந்த நாள் செப்டம்பர் 3. ஒருமுறை வாராக் கடன் என முத்திரை விழுந்தால், ஒன்றிரண்டு தவணை கட்டி அதை நீக்க முடியாது. நிலுவை முழுதையும் தீர்த்தால்தான் கணக்கு மீளும். அதற்குள் அந்தக் குறிப்பு மகளின் அறிக்கையிலும் தந்தையின் அறிக்கையிலும் ஏறியிருக்கும்.

இன்னொன்றும் அன்று தெரிந்தது, இதற்கு மருந்தில்லை. பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் வரை உள்ள மாணவர்கள், தரச் சான்று பெற்ற நிறுவனத்தில் தொழில்நுட்பப் படிப்பு படித்தால், தவணை விடுமுறைக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் உண்டு. இவர் குடும்பம் அதன் வருமான வரம்புக்குள் இருந்தது. கல்லூரிக்கும் தரச் சான்று இருந்தது. ஆனால் வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுத்து மானியத்துக்குக் கோர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. 1,33,333 ரூபாயின் கதை அதோடு முடிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்: 2024 ஆகஸ்ட்

முதல் வேலை, செப்டம்பர் 3-ஐத் தள்ளிப்போடுவது. கையிலிருந்தது 11,300. மூன்று தவணையையும் ஒன்றாகக் கட்டப் பணம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. கட்டும் பணம் மிகப் பழைய நிலுவைக்கே முதலில் வரவு வைக்கப்படும். ஆகஸ்ட் 16 அன்று 7,048 கட்டியதும் ஜூன் தவணை தீர்ந்தது. மிகப் பழைய நிலுவை ஜூலை 5 ஆனது. 72 நாளாக இருந்திருக்க வேண்டிய எண் 42 ஆயிற்று. மூச்சுவிட ஒரு மாதம் கிடைத்தது. அன்றே கிளையில் கைப்பேசி எண்ணும் மாற்றப்பட்டது.

இரண்டாவது, நகைக் கடன். அதன் 12 மாதக் கெடுவும் ஆகஸ்டில்தான் முடிந்தது. அசல் 40,000, வட்டி 3,600. அடகு வைத்தபோது கிடைக்கக்கூடிய தொகையைவிடக் குறைவாகத்தான் வாங்கியிருந்தார்கள். ஓராண்டில் தங்க விலையும் ஏறியிருந்தது. ஆகஸ்ட் 22 அன்று பழைய கடனை முடித்து அதே சங்கிலிக்கு 65,000 வாங்கினார்கள். 43,600 போகக் கையில் 21,400. அதில் 21,144 மூன்று இஎம்ஐ: ஜூலை, ஆகஸ்ட், அதோடு வரவிருந்த செப்டம்பர்.

செப்டம்பர் தவணையை முன்கூட்டியே போட்டது வெறும் நல்லெண்ணம் அல்ல. இந்தக் குடும்பத்தின் அடிப்படைக் கோளாறு இரண்டு நாள் இடைவெளி: தவணை 5-ஆம் தேதி, சம்பளம் 7-ஆம் தேதி. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இந்த இரண்டு நாள் ஒவ்வொரு மாதமும் தவறச் செய்யும். தவணைத் தேதியை மாற்றச் சொல்லி மனு கொடுத்துக் காத்திருப்பதைவிட, ஒரு மாதம் முன்னால் போய்விடுவது எளிது. செப்டம்பர் தவணைக்குப் பணம் ஏற்கெனவே இருந்ததால், செப்டம்பர் சம்பளத்திலிருந்து ஊர்க் கணக்குக்கு மாற்றும் 7,048 அக்டோபர் 5-க்கானது. இதைச் சம்பளக் கணக்கில் நிலையான உத்தரவாகப் போட்டார்கள். முதலில் 8-ஆம் தேதி என்றுதான் வைத்தார்கள். 2024 செப்டம்பர் 7 விநாயகர் சதுர்த்தி, 8 ஞாயிறு; சம்பளம் 9 அன்றுதான் வரும் என்று தெரிந்ததும் 10-க்கு மாற்றினார்கள். விடுதி வாடகைக்கும் 10 வரை அவகாசம் கேட்டு வாங்கினார். அட்டையின் பட்டியல் சுழற்சியை மாற்றும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. கேட்டதும் கெடு 3-லிருந்து மாத நடுவுக்கு நகர்ந்தது.

மூன்றாவது, பாலிசி. ஆவணம் கைக்கு வந்து 30 நாளுக்குள் காரணம் கூறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. பத்து நாள் மீதமிருந்தது. முகவர் வழியாகப் போனால் நாள் கடத்தப்படும் என்பதால், ஆகஸ்ட் 19 அன்று காப்பீட்டு நிறுவனக் கிளையிலேயே எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கினார். முத்திரைக் கட்டணமும் சில நாள் பாதுகாப்புக்கான தொகையும் கழித்து மீதி திரும்பியது. சித்தப்பா சில மாதம் பேசவில்லை. மாதம் 2,500 மிஞ்சியது.

நான்காவது, அட்டை. 48,600-ஐயும் ஆண்டுக்கு 16% வட்டியில் தவணையாக மாற்ற வங்கி முன்வந்தது. 12 மாதம் என்றால் மாதம் 4,410. 24 மாதம் என்றால் 2,380. நீண்ட தவணைக்கு மொத்த வட்டி சுமார் 4,200 கூடுதல். அதை மிச்சப்படுத்த 12 மாதத்தையே ஆலோசகர்கள் பரிந்துரைத்தார்கள். அட்டையின் இணைய வழிப் பயன்பாடு செயலியில் முடக்கப்பட்டது.

வீட்டுக்கு அனுப்புவது 6,000-லிருந்து 3,000 ஆனது. தந்தையோடு பேசித்தான் இது முடிவானது. இஎம்ஐ அவர் தலையிலும் இருக்கும் கடன் என்பதால் அவருக்கும் இது வீட்டுச் செலவுதான்.

செய்யாமல் விட்டது ஒன்று: தவணைக் காலத்தை 15 ஆண்டாக நீட்டுவது. நீட்டினால் இஎம்ஐ 5,731 ஆகும். ஆனால் தவணை தவறிய பிறகு கால நீட்டிப்புக் கேட்டால், அது நெருக்கடியில் செய்த மறுசீரமைப்பாகப் பதிவாகக்கூடும். கடன் அறிக்கையில் அதுவும் ஒரு கறை. இதே கோரிக்கையை மே மாதத்தில், முதல் தவணைக்கு முன்பே வைத்திருந்தால் சாதாரண விண்ணப்பமாக இருந்திருக்கும்.

அலுவலக நண்பர்கள் சொன்ன ஒரு யோசனையும் ஒதுக்கப்பட்டது: கல்விக் கடன் வட்டிக்கு வரி விலக்கு உண்டு, எனவே கடனை மெதுவாகக் கட்டு என்பது. அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவுக் கழிவு பழைய வரி முறையில் மட்டுமே இருந்தது. அதைவிட முக்கியம், இவருடைய வருமானத்துக்கு எந்த முறையிலும் வரியே இல்லை. இல்லாத வரியில் எதை மிச்சப்படுத்துவது?

திட்டம் தடுமாறியது: 2024 அக்டோபர் – நவம்பர்

புதிய மாதக் கணக்கு தாளில் அழகாக இருந்தது. விடுதி 9,500, இஎம்ஐ 7,048, வீடு 3,000, பயணம் 1,600, கைப்பேசி 400, அட்டைத் தவணை 4,410, வெளிச் சாப்பாடு 1,200, ஊர்ப் பயணம் 600. மொத்தம் 27,758. மீதி 300 ரூபாய். அட்டைத் தவணையின் வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு. முதல் மாதம் அது 117. அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மாற்றியதற்கான கட்டணம் வரியோடு 573, அதுவும் இல்லை.

அக்டோபர் 7 சம்பளத்தில் அரையாண்டுத் தொழில் வரி 1,250 பிடிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது மாதாமாதம் பிடிக்கப்படுவதில்லை, ஆண்டுக்கு இருமுறைதான். ஆகஸ்ட் சம்பளச் சீட்டில் இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை. வெளிச் சாப்பாட்டை முழுதாக நிறுத்தி அந்த மாதத்தை ஓட்டினார்.

அக்டோபர் 31 தீபாவளி. வேலைக்குப் போன பிள்ளை வெறுங்கையோடு ஊருக்குப் போக முடியாது. துணி, பலகாரம், பேருந்து எல்லாம் சேர்த்து 6,000 ஆனது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஊர்க் கணக்கில் நவம்பர் 5-க்காகக் காத்திருந்த 7,048-இலிருந்து. அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டை அவர் பையிலேயே இருந்தது. நவம்பர் 5 தவணை திரும்பியது. இந்த முறை குறுஞ்செய்தி சரியான எண்ணுக்கு வந்ததால், 7-ஆம் தேதி சம்பளம் வந்த மாலையே கட்டிவிட்டார். இரண்டு நாள் தாமதம், அபராதக் கட்டணம், முன்னால் இருந்த ஒரு மாத இடைவெளியும் போயிற்று.

இதில் அவர்மேல் குறை சொல்ல அதிகமில்லை. 300 ரூபாய் மீதியோடு ஒரு திட்டத்தைப் போட்டுக் கொடுத்தவர்கள் தீபாவளியை மறந்துவிட்டார்கள். தீபாவளி எந்த ஆண்டும் திடீரென்று வந்ததில்லை. 4,200 ரூபாய் வட்டியை மிச்சப்படுத்தப் போய், மாதம் 2,030 ரூபாய் நெகிழ்ச்சியை விட்டுக்கொடுத்ததுதான் பிழை.

திருத்தம்: 2024 நவம்பர் – 2025 ஜனவரி

அட்டைத் தவணைக் காலத்தை இடையில் நீட்ட வங்கி ஒப்பவில்லை. எனவே வேறு பக்கம் இடம் தேட வேண்டியிருந்தது. டிசம்பர் முதல் இருவர் அறையிலிருந்து மூவர் அறைக்கு மாறினார். 9,500 என்பது 7,800 ஆனது. வீட்டுக்கு அனுப்புவதில் இரண்டு மாதத்துக்கு மட்டும் இன்னும் ஆயிரம் குறைந்தது.

ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் செலவுகள் ஒரு தாளில் எழுதப்பட்டன: தீபாவளி 6,000, பொங்கல் 2,500, தொழில் வரி 2,500, நகைக் கடன் வட்டி 5,850. கூட்டினால் 16,850, பன்னிரண்டால் வகுத்தால் 1,404. மாதம் 1,400 தொடர் வைப்புக்குப் போகத் தொடங்கியது. ஊர்க் கணக்கின் ஏடிஎம் அட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கணக்கை யுபிஐ செயலியிலிருந்தும் நீக்கினார்.

2025 ஜனவரி 7 சம்பளத்தோடு மாறுபடும் ஊதியம் 19,200 வந்தது (24,000-இல் 80%). அட்டைத் தவணையை முன்கூட்டி முடிக்கலாமா என்று அவரே கேட்டார். 16% கடன் இருக்கும்போது பணத்தைச் சும்மா வைப்பது கணக்குப்படி நட்டம்தான். ஆனாலும் வேறு விதமாகவே பிரித்தார்கள்: இழந்த ஒரு மாத இஎம்ஐ முன்னிலைக்கு 7,048, அவசரக் கையிருப்பாக 10,000, மீதி 2,152 பொங்கலுக்கு. கையிருப்பு இல்லாத வீட்டில் அடுத்த பல்வலி மறுபடி அட்டையில்தான் ஏறும், அது 16 அல்ல, கிட்டத்தட்ட 50 சதவீதம்.

பின்விளைவுகள்: 2025 ஆகஸ்ட் வரை

நவம்பருக்குப் பிறகு எந்தத் தவணையும் தவறவில்லை. மார்ச்சில் கைப்பேசித் திரை உடைந்தது. 3,400 ரூபாய் கையிருப்பிலிருந்து போயிற்று, இரண்டு மாதத்தில் நிரம்பியது. ஏப்ரலில் சம்பளம் சற்று உயர்ந்தது. ஆகஸ்டில் அட்டைத் தவணை முடிந்தது. நகைக் கடனின் வட்டி 5,850 தொடர் வைப்பிலிருந்தே கட்டப்பட்டு, கடன் புதுப்பிக்கப்பட்டது. அட்டைக்குப் போய்க்கொண்டிருந்த 4,410-இல் 2,500 இப்போது நகைக் கடன் அசலுக்கும், மீதி கையிருப்புக்கும் போகிறது. சங்கிலி இன்னும் மீளவில்லை.

15 இஎம்ஐ, அதாவது 1,05,720 ரூபாய் கட்டிய பின் கல்விக் கடன் நிலுவை சுமார் 4.91 லட்சம். அசல் குறைந்தது 42,000 அளவில்தான். தொடக்க ஆண்டுகளில் இஎம்ஐயின் பெரும்பகுதி வட்டிக்கே போவது இயல்பு. முதல் தவணையில் வட்டி 4,444, அசல் 2,604. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டி) 6.5%-லிருந்து 5.5% ஆகக் குறைத்ததால் இவருடைய மாறும் வட்டியும் இறங்கியது. வங்கி இஎம்ஐயைக் குறைக்காமல் காலத்தைக் குறைத்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

கடன் மதிப்பெண் 714 ஆனது. ஆனால் தவறிய தவணைகளின் நாள் கணக்கு 36 மாதம் வரை அறிக்கையில் தெரியும். அதன் விலையைத் தந்தை கொடுத்தார். 2025 பிப்ரவரியில் சொந்தமாக ஒரு பழைய சரக்கு ஆட்டோ வாங்கக் கடன் கேட்டபோது, அறிக்கையிலிருந்த அந்தக் குறிப்பைக் காட்டி நிதி நிறுவனம் முன்பணத்தைக் கூட்டிக் கேட்டது. அவர் வாங்கவில்லை. இன்னும் வாடகை வண்டியே ஓட்டுகிறார்.

மீண்டும் இப்படி ஒரு வழக்கு வந்தால் மாற்ற வேண்டியவை

அட்டை நிலுவைக்கு 24 மாதத் தவணை எடுக்க வேண்டும். கையிருப்புச் சேர்ந்தபின் முன்கூட்டி முடித்துக்கொள்ளலாம். அதற்கான கட்டணத்தை மாற்றும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

மூன்று மாதப் பட்டியலைப் பார்த்து மாதக் கணக்குப் போடக் கூடாது. பன்னிரண்டு மாதப் பட்டியல் வேண்டும். இல்லையென்றால் காலண்டரை எடுத்து வைத்து விழா, வரி, கெடு, கட்டணம் என்று ஒவ்வொரு மாதமாகக் கேட்க வேண்டும். மீதி 2,000-க்குக் கீழே நிற்கும் திட்டத்தைத் திட்டம் என்று கையில் கொடுக்கக் கூடாது. தவணைப் பணம் காத்திருக்கும் கணக்கின் ஏடிஎம் அட்டையை முதல் நாளிலேயே தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும்.

வேலை கிடைத்த மாதத்திலேயே ஆலோசனைக்கு வருபவராக இருந்தால், தவணை விடுமுறை முடியும்வரை மாத வட்டி அளவையாவது கட்டச் சொல்ல வேண்டும். இவர் 2023 அக்டோபர் முதல் 2024 மே வரை எட்டு மாதம் 3,000 வீதம் கட்டியிருந்தால் 24,000 ரூபாய் அசலில் ஏறாமல் நின்றிருக்கும். இஎம்ஐ 317 ரூபாய் குறைந்திருக்கும். அதைவிட, அந்தக் கணக்கை மாதாமாதம் திறந்து பார்த்திருப்பார். பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்த குறுஞ்செய்திகள் எட்டு மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

வட்டி மானியத்துக்காக 2024 செப்டம்பரில் வருமானச் சான்றிதழோடு கிளைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டுகளுக்கான கோரிக்கைகள் முடிந்துவிட்டன என்று பதில் வந்தது. தம்பி இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு, அவருக்கும் கல்விக் கடன் உண்டு. 2025 ஜூலையில் தந்தை இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழ் எடுத்து, கிளையில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வந்தார். அந்த நகல் மகளின் கோப்பில் இருக்கிறது.